கடிதம் இறங்கும் இடம்: எம்எக்ஸ் பிறந்த கதை

கோலா கங்சார் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய கடித உறைகளில் வீட்டு எண்ணைத் தேடிப் பயனில்லை. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், பிறகு சுங்கை சிப்புட் என்றோ கோலா கங்சார் என்றோ ஊர், பேராக், மலாயா. அத்தோடு விலாசம் முடிந்தது. தபால் நிலையத்தில் தோட்டத்துக்கென்று சேர்ந்திருப்பதை ஆபீஸ் பையன் போய் எடுத்து வருவான். கிராணி பிரித்துப் பார்த்து எந்த லயம், எந்த வீடு என்று ஆளனுப்புவார். சேலத்தில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தோட்டத்தில் எத்தனை லயங்கள், தம்பி இப்போது மேட்டு லயத்தில் இருக்கிறாரா வேறு லயத்துக்கு மாறிவிட்டாரா என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தோட்டத்துப் பெயருக்கு வரும் கடிதத்தை எங்கே இறக்குவது என்பது மட்டும் வெளியுலகத்துக்குத் தெரிந்தால் போதும்.

கணினிகளுக்கு இதே ஏற்பாடு 1986 ஜனவரியில்தான் கிடைத்தது. அதன் பெயர் எம்எக்ஸ் பதிவு, அதாவது ‘மெயில் எக்ஸ்சேஞ்சர்’. நீங்கள் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும், உங்கள் சர்வர் முதலில் @ குறிக்கு வலப்பக்கம் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிடம், அதாவது டிஎன்எஸ்ஸிடம், ‘இந்தப் பெயருக்கு அஞ்சல் வாங்குவது யார்?’ என்று கேட்கிறது. வரும் விடைதான் எம்எக்ஸ். ஓர் எண்ணும் ஒரு பெயரும் கொண்ட ஒற்றை வரி அது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், நம் ஊர்களில் இன்னும் கேட்கும் ஒரு முறையீடு. கூட்டுறவுச் சங்கம், கிளினிக், தனியார் பள்ளி, லாரி கம்பெனி என்று எதுவாகவும் இருக்கலாம். அலுவலகத்துக்குள் ஒரு அஞ்சல் சர்வர் இருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள், அது பிசகாமல் போகும். ஆனால் வெளியிலிருந்து வருவது வந்து சேராது, வெளியே போவது குப்பைப் பெட்டியில் விழும். சர்வரைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் சர்வரில் இருப்பதில்லை. உலகம் பார்க்கும் பதிவேட்டில் எழுத வேண்டிய நாலைந்து வரிகளில் இருக்கும். அந்த வரிகள் ஒவ்வொன்றும் ஒரு தொல்லைக்கு விடையாகப் பிறந்தவை. எந்தத் தொல்லை என்று தெரிந்தால் வரியை எழுதுவது சுலபம்.

கதையைக் கோலா கங்சாரிலேயே தொடங்கலாம். இந்த ஊருக்குத் தொடர்புத் துறையில் ஒரு பழைய பெருமை உண்டு. இங்கே 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 1876இல், இங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அலுவலகத்திலிருந்து மாத்தாங்கில் இருந்த துணை ரெசிடெண்டின் வீட்டுக்குத் தந்திக் கம்பி இழுத்தார்கள். மலாயாவின் முதல் தந்தித் தடம் அதுதான். இரண்டே முனைகள், அவற்றுக்கு நடுவே ஒரு கம்பி. இந்த முனையில் தட்டினால் அந்த முனையில்தான் கேட்கும் என்பதால், அதில் விலாசம் என்ற கேள்விக்கே இடமில்லை.

மின்னஞ்சலும் அப்படித்தான் தொடங்கியது. 1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் என்ற நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு கணினிகளுக்கு இடையே ரே டாம்லின்சன் ஒரு செய்தியை அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. இணையத்தின் முன்னோடியான, அந்தக் காலத்து ஆர்ப்பாநெட்டில் கணினிகள் குறைவு. எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதுக் கணினி வைத்தால் அந்த மையத்துக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது புதுக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் நூற்றுக்கணக்கில் பெருகியதும் அந்த ஏற்பாடு திணறியது.

தெற்குக் கலிபோர்னியாவில் ஐஎஸ்ஐ என்ற ஆய்வகத்தில் ஜான் போஸ்டல், தம்மிடம் வந்திருந்த ஐந்து யோசனைகளைப் பால் மோக்கபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் கொடுத்து, இவற்றுக்குள் ஒரு சமரசம் கண்டுபிடி என்றார். மோக்கபெட்ரிஸ் ஐந்தையும் ஒதுக்கிவிட்டுத் தாமே ஒன்றை வகுத்தார். 1983 நவம்பரில் 882, 883 என்ற எண்களில் இரண்டு ஆவணங்களாக அது வெளிவந்தது. ஆர்எஃப்சி என்று அழைக்கப்படும் இந்த ஆவணங்கள்தான் இணையத்தின் சட்டப் புத்தகம். ஒரே கோப்பு போய், பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அதன் சொந்தக்காரரே பார்த்துக்கொள்ளும் டிஎன்எஸ் வந்தது. அஞ்சலுக்கென்று அவர் இரண்டு வகைப் பதிவுகளை வைத்திருந்தார். அஞ்சல் பெட்டி இருக்கும் கணினிக்கு எம்டி, வாங்கி வைத்திருந்து அடுத்தவரிடம் சேர்ப்பிக்கும் கணினிக்கு எம்எஃப்.

இவை இரண்டும் நிலைக்கவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, கம்பி எட்டாத இடத்தில் இருந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

ஆர்ப்பாநெட் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஓடியது. ராணுவ ஆய்வு ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு அதில் இடமில்லை. உள்ளே இருந்த துறைகள் ஒருவரோடொருவர் பேசி வளர, வெளியே இருந்தவை பின்தங்கின. இந்த இடைவெளியை நிரப்ப 1981இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தோடு சிஎஸ்நெட் தொடங்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லாரி லாண்ட்வெபர் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். தனிக் கம்பி வாங்க வசதியில்லாத கல்லூரிகள் தொலைபேசி வழியாக அதில் சேர்ந்தன. மையத்துக் கணினியும் கல்லூரிக் கணினியும் தொலைபேசியில் இணையும், சேர்ந்திருக்கும் அஞ்சலைக் கொடுத்து வாங்கும், அழைப்பைத் துண்டிக்கும். நாளின் மற்ற நேரமெல்லாம் அந்தக் கல்லூரி வலையமைப்பில் இல்லை என்றே பொருள்.

அப்படி ஒரு கல்லூரியில் இருக்கும் ஆசிரியருக்கு ஆர்ப்பாநெட்டிலிருந்து எழுதுவது பெரும்பாடு. ஆளின் பெயர், ஒரு சதவீதக் குறி, கல்லூரிக் கணினியின் பெயர், பிறகு @ போட்டு இடையில் நிற்கும் சிஎஸ்நெட் கணினியின் பெயர் என்று வழியையும் சேர்த்தே விலாசத்தில் எழுத வேண்டும். யூயூசிபி என்ற இன்னொரு வலையமைப்பில் இதைவிடக் கடினம். முதலில் எந்தக் கணினி, அதன்பின் எது, அதன்பின் எது என்று நடுவில் வரும் ஒவ்வொன்றையும் ஆச்சரியக்குறி போட்டு அடுக்க வேண்டும். நடுவில் ஒரு கணினி பழுதானால் விலாசமே செத்துவிடும். சேலத்தில் இருப்பவர் உறை மேல் நாகப்பட்டினம் துறைமுகம், கப்பல், பினாங்கு, ரயில், கிராணி, லயம் என்று எல்லாவற்றையும் எழுதியாக வேண்டிய நிலைமை இது.

இந்த சிஎஸ்நெட்டின் சேவை மையம் பிபிஎன்னில் இருந்தது. அங்கே வேலை பார்த்த, இருபதுகளில் இருந்த க்ரெய்க் பார்ட்ரிட்ஜ் கைக்குத்தான் இந்தச் சிக்கல் வந்தது. புதிய பெயர் முறை வரப்போகிறது. அதில் தொலைபேசி வழியே மட்டும் சேர்ந்திருக்கும் கல்லூரிகளுக்கு இடமுண்டா? அவர்களுடைய கணினிக்கு வலையமைப்பு விலாசமான ஐபி எண்ணே கிடையாது. எண் இல்லாதவருக்குப் பெயர் எப்படிக் கொடுப்பது?

எம்டி, எம்எஃப் என்ற இரட்டைப் பதிவுகளால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை. ஒரு பெயருக்கு இரண்டு மூன்று இடைநிலைக் கணினிகள் இருந்தால் எதை முதலில் முயல்வது என்று அவற்றில் சொல்ல வழியில்லை. இன்னொரு குறை நுட்பமானது. டிஎன்எஸ்ஸின் வேகத்துக்குக் காரணமே, ஒருமுறை கேட்ட விடையை வழியிலுள்ள சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பதுதான். அஞ்சலுக்கு எம்டி, எம்எஃப் இரண்டுமே வேண்டும். ஒன்று நினைவில் இருந்து மற்றது இல்லாமல் போனால், கையில் இருப்பது முழு விடையா அரைகுறையா என்று சர்வருக்குத் தெரியாது. ஆகவே நினைவில் இருப்பதை நம்பாமல் ஒவ்வொரு முறையும் மூல இடத்துக்கே போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

1986 ஜனவரியில் இரண்டு ஆவணங்கள் வந்தன. மோக்கபெட்ரிஸ் எழுதிய 973, எம்டியையும் எம்எஃபையும் நீக்கி எம்எக்ஸ்ஸை வைத்தது. பார்ட்ரிட்ஜ் எழுதிய 974, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று வகுத்தது. சில பக்கங்களே கொண்ட அந்த இரண்டாவது ஆவணத்தை அஞ்சல் சர்வர் நடத்தும் எவரும் படித்துப் பார்க்க வேண்டும். அதில் சொன்னவை ஏறக்குறைய அப்படியே இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

இரண்டு வகை ஒன்றானது. பெட்டி இருக்கும் கணினியா, இடையில் வாங்கிக் கொடுக்கும் கணினியா என்ற கேள்வியை வெளியாள் கேட்கவே தேவையில்லை. அது உள்வீட்டு விஷயம். ஒவ்வொரு பதிவிலும் ஒரு முன்னுரிமை எண். சிறிய எண்ணை முதலில் முயல வேண்டும். 10 என்று போட்ட கணினி பதில் சொல்லாவிட்டால் 20 என்று போட்டதிடம் போகலாம். அந்த 20ஆம் எண் கணினி அஞ்சலை வாங்கிக்கொண்டு, தன்னைவிடச் சிறிய எண் உள்ளவரிடம் மட்டுமே தள்ளலாம். தனக்குச் சமமான எண்ணுக்கோ பெரிய எண்ணுக்கோ தள்ளக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் இரண்டு இடைநிலைக் கணினிகள் ஒரே கடிதத்தை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எம்எக்ஸ்ஸே இல்லாத பெயராக இருந்தால் அந்தப் பெயருக்குரிய கணினியிடமே நேராகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் பார்ட்ரிட்ஜ் எழுதினார். பதிவு எழுதாதவரும் ஒரேயடியாக விடுபட்டுப் போகாமல் இருக்க அது உதவியது.

என் கணிப்பில் எம்எக்ஸ் வரியின் பெரிய சாதனை, பெயரையும் கம்பியையும் பிரித்ததுதான். அந்த வரியில் எழுதும் பெயர் உங்கள் சொந்தக் கணினியுடையதாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கணினி உங்கள் நாட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் தினமும் சில நிமிடம் மட்டும் வலையமைப்புக்கு வரும் கல்லூரி, நாள் முழுதும் இணைப்பில் இருக்கும் யாரோ ஒருவரின் கணினியை எம்எக்ஸ்ஸாகக் காட்டிவிட்டுத் தன் சொந்தப் பெயரில் உலகத்தோடு கடிதம் எழுதலாம். அமெரிக்காவின் பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு எம்எக்ஸ் ஒரு வசதி. மற்றவர்களுக்கு உலகத்தோடு எழுதிக்கொள்ள அதுவே வழி. 2017இல் இணையப் புகழ் மண்டபத்தில் பார்ட்ரிட்ஜின் பெயரைச் சேர்த்தபோது, அஞ்சலின் வழியை அவர் வகுத்ததும் முக்கியமாகச் சொல்லப்பட்டது.

மலேசியாவின் டாட் மை என்ற பெயர்க் கிளை 1987 ஜூன் 8இல் பதிவானது. அப்போது நம் நாட்டில் நிரந்தர இணைய இணைப்பே இல்லை. 1985இல் பிறந்த மிமோஸ் என்ற ஆய்வு நிறுவனம், ரங்கோம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழியே சேர்த்து, வெளிநாட்டுக் கணினிகளோடு அஞ்சலைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவுக்குச் செயற்கைக்கோள் இணைப்போடு ஜாரிங் என்ற வலையமைப்பு எழுந்து நின்றது 1992இல். இணைப்புக்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே பெயர் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எம்எக்ஸ் போன்ற ஓர் ஏற்பாடு இருந்ததால்தான் பெயர் முதலில் வந்து கம்பி பிறகு வருவது சாத்தியமாயிற்று.

இந்தியாவிலும் இதே வரிசைதான். பம்பாயில் என்சிஎஸ்டி என்ற தேசிய மென்பொருள் மையத்தை நடத்திய ஸ்ரீனிவாசன் ரமணி, சென்னை உட்பட ஐந்து ஐஐடிகளையும் பெங்களூர் அறிவியல் கழகத்தையும் சேர்த்த எர்நெட் திட்டத்தின் முன்னோடி. முதலில் என்சிஎஸ்டிக்கும் பம்பாய் ஐஐடிக்கும் இடையே தொலைபேசி வழி அஞ்சல். பிறகு மற்ற நகரங்கள். அதன் பிறகே வெளிநாட்டுக்குத் தனிக் கம்பி. டாட் இன் பதிவானது 1989 மே 8இல். 2014இல் ரமணியும் இணையப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் 1995இல், மலேசியாவில் பிறந்து சிட்னியில் குடியேறிய பாலா பிள்ளை தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு அங்கே தமிழில் எழுதினார்கள். டொரண்டோவிலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருந்தவர்கள் அந்தக் குழுவில் தமிழ் எழுத்தில் விவாதித்தபோது, ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால் எங்கோ ஒரு சர்வர் எம்எக்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் எழுத்துருவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கடிதம் போன பாதையைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து சுவர்கள் எழுந்தன. ஐபி எண்கள் தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1996 பிப்ரவரியில் 1918ஆம் எண் ஆவணம் சில எண் வரிசைகளை உள்வீட்டுப் பயனுக்கென ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை முதலியவை. இவற்றை உலகில் யாரும் தங்கள் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியே அவற்றுக்கு மதிப்பில்லை. இன்று நம் அலுவலகத்து அஞ்சல் சர்வர் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இப்படி ஓர் எண்ணில்தான்.

எனவே ஒரே பெயருக்கு இரண்டு விடைகள் தேவைப்படுகின்றன. அலுவலகத்துக்குள்ளிருந்து ‘மெயில்’ என்ற கணினி எங்கே என்று கேட்டால் 192.168 எண்ணைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து கேட்டால் வாசலில் நிற்கும் ரூட்டரின் பொது எண்ணைச் சொல்ல வேண்டும். 2000இல் வந்த பைண்ட் 9 என்ற டிஎன்எஸ் மென்பொருள், கேட்பவரைப் பார்த்து விடையை மாற்றும் வசதியைத் தந்தது. இதைச் சரியாகப் பிரிக்காமல் உள் எண்ணைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெளியே இருக்கும் சர்வர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே தேடும். கடிதம் எங்கும் போகாது. உள்ளே சோதித்துப் பார்ப்பவருக்கோ எல்லாம் சரியாகவே தெரியும். சோதனையை அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் சொந்த இணைப்பில் செய்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2000களில் மைக்ரோசாஃப்டின் சிறுதொழில் சர்வர் வாங்கிய அலுவலகங்களுக்கு இன்னொரு சுமை. உள் பெயரை ‘டாட் லோக்கல்’ என்று வைக்கும்படி அதுவே வழிகாட்டியது. உலகப் பதிவேட்டில் அப்படி ஒரு கிளை கிடையாது. உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று வாழ்ந்தார்கள். 2015 நவம்பர் 1க்குப் பிறகு இப்படிப்பட்ட உள் பெயர்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைப்பது நின்றபோது பலர் அவசரமாகப் பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர் தம் சொந்தப் பொதுப் பெயருக்குக் கீழேயே ஒரு கிளையை உள்ளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பொதுப் பதிவை எழுதும் முறை இப்போது விளங்கும். முதலில் ‘மெயில்’ என்ற பெயருக்குப் பொது ஐபி எண். அந்த எண் மாறாததாக இருக்க வேண்டும். இணைய நிறுவனத்திடம் நிலையான எண் கேட்டு வாங்க வேண்டும். பிறகு எம்எக்ஸ்: உங்கள் டொமைனுக்கு வரும் அஞ்சலை வாங்குவது அந்த ‘மெயில்’. எம்எக்ஸ்ஸில் நேராக ஐபி எண்ணைப் போடக் கூடாது, பெயர்தான் போட வேண்டும். அந்தப் பெயரும் இன்னொரு பெயருக்கு மாற்றுப் பெயராக இருக்கக் கூடாது. 1997இல் 2181ஆம் ஆவணம் அதை வெளிப்படையாகத் தடுத்தது. அடுத்து, ரூட்டரில் 25ஆம் எண் வாயிலுக்கு (போர்ட்) வருவதை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது எம்எக்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள். சிறிய அலுவலகத்துக்குத் தேவையில்லை என்பது என் முடிவு. உங்கள் சர்வர் மின்வெட்டில் அணைந்திருந்தால், ஒழுங்கான அனுப்புநர் நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயல்வார். கவனிப்பாரில்லாத இரண்டாவது வாசல் குப்பை அஞ்சல்காரர்களுக்குத்தான் வசதி.

எம்எக்ஸ் வருவதற்கு மட்டும்தான். போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இடத்தில்தான் கதையின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது.

1986இல் யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. 1978இலேயே ஒரு கணினி விற்பனையாளர் ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு விளம்பரம் அனுப்பி வசை வாங்கியிருந்தாலும், அது தனி நிகழ்ச்சி. கடிதத்தின் ‘அனுப்புநர்’ இடத்தில் யார் பெயரையும் எழுதலாம் என்ற நிலை மாறவே இல்லை. 2000களின் தொடக்கத்தில் குப்பை அஞ்சல் வெள்ளமாக வந்தபோது ஒரு எண்ணம் பலருக்கும் ஒரே நேரத்தில் உதித்தது: என் பெயருக்கு அஞ்சல் வாங்குவது யார் என்று எம்எக்ஸ் சொல்கிறது; என் பெயரில் அஞ்சல் அனுப்ப யாருக்கு உரிமை என்றும் அதே பதிவேட்டில் சொன்னால் என்ன? 2002இல் பால் விக்ஸி அதைக் கோடிட்டுக் காட்டினார். ஜெர்மனியின் ஹட்முட் டேனிஷ், எம்எக்ஸ்ஸைத் தலைகீழாக்கி ‘ஆர்எம்எக்ஸ்’ என்றே பெயர் வைத்தார். கோர்டன் ஃபெசிக் வேறொரு வடிவம் தந்தார். 2003இல் இவற்றை ஒன்றாக்கி எஸ்பிஎஃப் என்று உலகத்துக்குக் கொடுத்தவர் மெங் வெங் வோங். அவர் சிங்கப்பூர்க்காரர், நம் பக்கத்து வீட்டுக்காரர். 2006இல் அது 4408ஆம் எண் ஆவணமாயிற்று.

அதைத் தொடர்ந்து மற்றவை வேகமாக வந்தன. யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்தவை இணைந்து டிகிம் ஆனது, 2007இல். உங்கள் சர்வர் ஒவ்வொரு கடிதத்திலும் மறைகுறியாக ஒரு கையெழுத்து இடும். அதைச் சரிபார்க்கும் சாவி பொதுப் பதிவேட்டில் இருக்கும். பிறகு டிமார்க், 2015இல் 7489ஆம் ஆவணம்: இந்தச் சோதனைகளில் தோற்ற கடிதத்தை என்ன செய்யலாம், யாருக்கு அறிக்கை அனுப்பலாம் என்று டொமைனின் சொந்தக்காரர் சொல்லும் வரி. இவற்றோடு பழைய பிடிஆர் பதிவும் கட்டாயம்போல் ஆகிவிட்டது. ஐபி எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவு அது. எண் இணைய நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் அதை நீங்களே எழுத முடியாது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். சிறிய அலுவலகங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எந்த முகப்பில் கேட்பது, என்ன பாரத்தை நிரப்புவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இவற்றை வெளிப்படையாகவே வற்புறுத்துகின்றன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும், பிடிஆர் சரியாக இருக்க வேண்டும். நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைக்க வேண்டும். நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் அவற்றின் சுமை, ஆளும் பணமும் உள்ள நிறுவனத்துக்கும் பள்ளிக் குமாஸ்தா ஒருவரே சர்வரையும் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கும் ஒன்றல்ல. கம்பி இல்லாதவருக்காகப் பிறந்த ஒரு பதிவைச் சுற்றி, பெரியவர்களால் மட்டும் எளிதாகத் தாண்ட முடிகிற வேலி வளர்ந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பலரும் அலுத்துப்போய், ஊழியர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு இலவசக் கணக்கில் அலுவலகக் கடிதம் எழுதட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஊழியர் விலகும்போது சங்கத்தின் பத்தாண்டுக் கடிதப் போக்குவரத்தும் அவரோடு போய்விடும். சர்வரை நடத்த முடியவில்லையென்றால் அதை மூடிவிட்டுக் கூலிக்கு ஒரு அஞ்சல் சேவையை அமர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். எம்எக்ஸ் அதற்குத்தான் இருக்கிறது. இன்று ஒரு நிறுவனத்தைக் காட்டலாம், நாளை பிடிக்காவிட்டால் அந்த ஒற்றை வரியை மாற்றி வேறு நிறுவனத்தைக் காட்டலாம், பிறகு சொந்த சர்வருக்கே திரும்பலாம். எழுதுகிறவர்களுக்கு விலாசம் மாறாது. மாற்றும் முன் ஒரு காரியம்: பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற கால அளவை முந்தின நாளே சில நிமிடங்களாகக் குறைத்துவிடுங்கள்.

வாங்குவதை உள் சர்வரும் அனுப்புவதை வெளிச் சேவையும் செய்வது இன்னொரு நல்ல வழி. வீடுகளிலிருந்தும் சிறு அலுவலகங்களிலிருந்தும் 25ஆம் வாயில் வழியே வெளியே போவதைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன. அப்போது கடிதங்களை ஓர் இடைநிலை சர்வரிடம் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். அதன் பெயரை எஸ்பிஎஃப் வரியில் சேர்த்துக்கொண்டால் போதும். எஸ்பிஎஃப் வரி சோதிக்கப்படும்போது பத்துத் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கணக்கு மென்பொருள், செய்திமடல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் அந்த எல்லையை அறியாமல் தாண்டிவிடுவார்கள்.

இந்தப் பதிவின் வளர்ச்சி இன்னும் முடியவில்லை. 2010இல் டாட் இலங்கையும், 2011இல் டாட் இந்தியாவும் டாட் சிங்கப்பூரும் தமிழ் எழுத்திலேயே பெயர்க் கிளைகளாக வந்தன. எம்எக்ஸ் பதிவுக்கு அதில் சிரமமே இல்லை. தமிழ்ப் பெயர் பதிவேட்டுக்குள் ஒரு குறிமுறையாக மாறி உட்கார்ந்துகொள்கிறது, எம்எக்ஸ் காட்டும் சர்வர் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் @ குறிக்கு இடப்பக்கமும் தமிழில் எழுதுவதற்கு அஞ்சல் சர்வர்களே மாற வேண்டியிருந்தது. அதற்கான விதிகள் 2012 பிப்ரவரியில் 6530 முதலான ஆவணங்களாக வந்தன. உலகில் ஏராளமான இடங்களில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர் 2015இல் வந்த தன் 3.0 பதிப்பிலிருந்து அந்த வசதியை வைத்திருக்கிறது. நம் ஊர் அலுவலகத்து உள் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், அமைப்புக் கோப்பில் ‘எஸ்எம்டிபியூடிஎஃப்8_எனேபிள்’ என்ற வரி ‘யெஸ்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் விலாசம் வைத்திருக்கும் ஒருவர் நாளை உங்களுக்கு எழுதினால் அந்தக் கடிதம் திரும்பிப் போகாது.